ரேஷன் அரிசியில் மிதக்கும் வெள்ளை மணி: அம்மாவிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

கேட்டவர்: நீடாமங்கலத்துப் பையன்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் நீடாமங்கலம் பக்கம். வேலை திருச்சியில், தண்ணீர் பரிசோதனை செய்யும் ஒரு ஆய்வுக்கூடத்தில். சனிக்கிழமை பஸ் ஏறினால் ஞாயிறு ராத்திரி திரும்பிவிடுவேன்.

எங்களுக்கு மூன்று மா நிலம். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிடுவோம். சம்பாவில் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வைப்போம், அது ஆடி வரைக்கும் தாங்காது. அப்புறம் ரேஷன் புழுங்கல்தான். அந்த அரிசியில் இப்போதெல்லாம் இடையிடையே ஒரு வெள்ளை மணி வருகிறது. மற்ற அரிசி லேசான மஞ்சளில் பளபளப்பாக இருக்க, இது மட்டும் மங்கலான வெள்ளை. களையும்போது சிலது மேலே மிதக்கிறது. அது சத்து சேர்த்த அரிசி என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது பிளாஸ்டிக் அரிசி. சோறு வடிக்கும் முன் முறத்தில் பரப்பி, வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பையில் போடுகிறார்.

தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், இப்போது ஏழாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.9. அவளுக்குப் போடுகிற சோற்றில்தான் அம்மா இன்னும் கவனமாகப் பொறுக்குகிறார். பிள்ளைத்தாச்சி வயிற்றுக்குள் பிளாஸ்டிக் போகக் கூடாது என்கிற பாசம் அது. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வீடியோ சுற்றுகிறது. ஒன்றில் பிளாஸ்டிக் தாளை இயந்திரத்துக்குள் விடுகிறார்கள், மறுபக்கம் வெள்ளைக் குருணை கொட்டுகிறது. இன்னொன்றில் சோற்றை உருட்டித் தரையில் அடித்தால் பந்தாகத் துள்ளுகிறது. அரசு கொடுத்த விளக்கத்தோடு நான் நீளமாகப் பதில் போட்டேன். பெரியப்பா அத்தனை பேர் முன்னால், "நாலு எழுத்து படிச்சிட்டா அரிசி எதுன்னு எங்களுக்கே சொல்லித் தர்றியா?" என்று கேட்டுவிட்டார். அறுபது வருஷம் வயலில் நின்றவர். அதற்குமேல் யாரும் பேசவில்லை. அம்மாவுக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது.

இதை எப்படித் தொடங்குவது, யார் சொன்னால் கேட்பார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில்: கடை விற்பனையாளர், பாபநாசம் வட்டம்

நான் ரேஷன் கடையில் நிற்பவன். இந்தக் கேள்வியை தினமும் கேட்கிறேன். விவரத்தை மட்டும் சொல்கிறேன்.

நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ சத்து மணி கலப்பார்கள். அந்தக் கணக்கில் ஐம்பது கிலோ மூட்டையில் அரைக் கிலோ இருக்கும். இருபது கிலோ வாங்குகிற கார்டுக்கு இருநூறு கிராம். கலப்பது அரிசி ஆலையிலேயே நடக்கிறது, கடையில் நாங்கள் எதுவும் சேர்ப்பதில்லை. சத்து சேர்த்த உணவுக்கு நீல நிறத்தில் பிளஸ் எஃப் என்று ஒரு முத்திரை உண்டு, அதைத் தேடிப் பாருங்கள்.

இந்த அரிசி முதலில் வந்தபோது எங்களிடம் ஒட்டச் சொல்லி ஒரு தாள் வந்தது. சத்து சேர்த்த அரிசி என்று இருந்ததே தவிர, மணி நிறம் மாறித் தெரியும், தண்ணீரில் மிதக்கும் என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் பாதிப் பேச்சு எழுந்திருக்காது.


பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவையாறு

தம்பி, நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தியவள். இந்த அரிசி விஷயமாக எங்கள் பகுதி மகளிர் குழுக்களில் நிறையப் பேசியிருக்கிறேன். நீங்கள் கேட்டதில் எனக்குப் பிடித்தது, அம்மாவின் பாசத்தைத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை என்றீர்களே, அது. அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதலில், குழுவில் இனி பதில் போட வேண்டாம். பெரியப்பா ஊர் முன்னால் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அதே ஊர் முன்னால் அவர் அதைத் திரும்ப எடுக்க மாட்டார், எந்தப் பெரிய மனுஷரும் எடுக்க மாட்டார். அவர் வீட்டுத் திண்ணையில் தனியாகப் போய் உட்காருங்கள். அதையும் அம்மாவிடம் பேசி முடித்த பிறகு செய்யுங்கள்.

அம்மாவிடம் போய் "பிளாஸ்டிக் இல்லம்மா" என்று ஆரம்பிக்காதீர்கள். இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல அந்தச் சொல்தான் காதில் தங்கும். "நீங்க பார்த்தது சரிம்மா" என்று ஆரம்பியுங்கள். அது முழு உண்மையும்கூட. அந்த மணி நெல்லை உமி நீக்கி வந்த அரிசி இல்லை. காலமெல்லாம் முறம் பிடித்த கை, நூறில் ஒரு மணி வேறு என்று கண்டுபிடித்திருக்கிறது. அதை மறுத்து "எல்லாம் ஒரே அரிசிதான்" என்று சொன்ன அதிகாரியோ பிள்ளையோ அந்த நிமிஷமே அவர் நம்பிக்கையை இழந்துவிடுவார், ஏனென்றால் கண் எதிரே தெரிவதை இல்லை என்கிறார். நம் டெல்டாப் பெண்களிடம் அரிசியைப் பற்றிப் பேசும்போது இது ரொம்ப முக்கியம். அவர்கள் கண்டதில் பிழை இல்லை. அது என்ன என்று யாரும் சொல்லாததால் வீடியோக்காரன் சொன்னதை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது, அது என்ன என்று சொல்லுங்கள். ஆலையில் விழும் நொய்யை மாவாக அரைத்து, அதில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் மூன்றையும் கலந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, சூட்டோடு அச்சில் பிழிந்து, அரிசி நீளத்துக்கு வெட்டிக் காயவைக்கிறார்கள். அம்மாவுக்குப் புரிய ஒரு வார்த்தை போதும்: சேவை நாழியில் பிழிகிற வேலைதான். சேவையை வெயிலில் காயவைத்தால் என்ன நிறம் வரும் என்று அவருக்கே தெரியும். புழுங்கல் அரிசி நெல்லாக இருக்கும்போதே ஊறி வெந்து காய்வதால் மஞ்சளடித்துப் பளபளக்கிறது. இது மாவிலிருந்து வந்ததால் மங்கலான வெள்ளை. பிழியும்போது உள்ளே சின்னச் சின்னக் காற்றுப் பொத்தல் விழுகிறது, அதனால் சிலது மிதக்கிறது. நிறம், மிதப்பது இரண்டுக்கும் காரணம் தெரிந்துவிட்டால் பயத்துக்கு இருந்த பிடி தளரும்.

இதற்கப்புறம்தான் சோதனை. நான் முன்னெல்லாம் வகுப்பில் செய்வதுபோல் மேசை போட்டுச் செய்து காட்டுவதில்லை. பாத்திரமும் அவர்களுடையது, அரிசியும் அவர்களுடையது, செய்கிற கையும் அவர்களுடையது என்று வைத்துக்கொள்கிறேன். கண்டியூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நெல் அவித்துப் பழகிய ஒரு பெரியம்மா, கூட்டத்திலேயே அதிகம் சந்தேகப்பட்டவர். அவரையே மணிகளைப் பொறுக்கச் சொன்னேன். எவர்சில்வர் தம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றி, அந்த வெள்ளை மணி கொஞ்சம், உடைந்த பிளாஸ்டிக் வாளியிலிருந்து வெட்டிய வெள்ளைத் துண்டு கொஞ்சம், இரண்டையும் போட்டோம். மூடி வைத்துவிட்டுச் சங்கக் கணக்கைப் பார்த்தார்கள். பிறகு அவர் மணியை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினார். நசுங்கிக் குழைந்து மாவாக விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தார். நாக்கு நுனியில் வைத்தார். "நொய்க்கஞ்சி வாடைதான்" என்றார். வாளித் துண்டு போட்டபடியே கிடந்தது, அதையும் நசுக்கிப் பார்த்து அப்பால் எறிந்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னைக் கேட்கவில்லை, அவரைத்தான் கேட்டார்கள்.

வீட்டில் புண்ணுக்குப் போடும் பெட்டாடின் மருந்து இருந்தால் ஒரு சொட்டு விடலாம். அதில் அயோடின் இருக்கிறது. மாவுச்சத்தில் பட்டால் கருநீலம் ஆகும், பிளாஸ்டிக்கில் அதே பழுப்பு நிறமாகவே நிற்கும். சோதித்த மணியைச் சாப்பிடாமல் கொட்டிவிட வேண்டும். கொளுத்திப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். அரிசி கருகிக் கரியாகும், பிளாஸ்டிக் உருகிச் சொட்டும், வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் தங்கை இருக்கிற வீட்டில் பிளாஸ்டிக் புகை வேண்டாம். தம்ளர் தண்ணீரே போதும்.

வீடியோவைப் பற்றிக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அந்த இயந்திரம் நிஜம்தான். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்கி, வாளியும் குடமும் செய்ய அனுப்பும் தொழிற்கூடம் அது. அரிசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, மேலே போட்ட எழுத்து மட்டும் அரிசி என்கிறது. 2016 டிசம்பரில் நைஜீரியாவில் பிளாஸ்டிக் அரிசி என்று சுங்கத் துறை மூட்டைகளைப் பிடித்தது. பரிசோதித்தால் அரிசிதான், கெட்டுப்போன அரிசி. 2017 ஜூனில் ஆந்திரா, தெலங்கானா பக்கம் இதே பேச்சு பெரிதாகக் கிளம்பியது. கலப்படம் செய்கிறவன் மலிவானதைத்தான் கலப்பான். நொய்யைவிட விலை கூடிய பிளாஸ்டிக் குருணையைக் கலந்து யாருக்கு லாபம்? இந்தக் கணக்கு பெரியப்பாவிடம் எடுபடும். நெல் விலை, நொய் விலை, தவிட்டு விலை எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார்.

இன்னொன்று. ஊரில் கோபம் இருந்தால் அதைக் கேளுங்கள். சில மாதம் அரிசியில் கறுப்பு மணி, பழுப்பு, ஒரு வாடை எல்லாம் வந்திருக்கும். அதைக் கேட்க ஆள் இல்லாத வருத்தம்தான் பல இடத்தில் பிளாஸ்டிக் என்கிற சொல்லாக வெளியே வருகிறது. "ஆமாம், போன தடவை அரிசி சரியில்லை, அதற்குத் தனியாகப் புகார் கொடுக்கலாம்" என்று ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டையும் பிரித்து வைத்தால்தான் இரண்டுக்கும் வழி கிடைக்கும்.


பதில்: உப்பளத்துக்காரர், வேதாரண்யம்

ஆசிரியையம்மா சொன்னதைப் படித்ததும் எனக்கு அயோடின் உப்பு ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர். உப்பைப் பற்றி வெளியாள் வந்து பாடம் எடுத்தால் எங்கள் ஆட்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள், யோசித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு உப்பில் அயோடின் கட்டாயம் என்று வந்தபோது, "கடல் உப்பிலேயே அயோடின் இருக்கு, எதுக்கு மருந்து தெளிக்கணும்" என்பதுதான் இங்கே பேச்சு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கடல் தண்ணீரில் இருப்பதே ரொம்பக் கொஞ்சம், பாத்தியில் காய்ந்து உப்பாகும்போது அதில் நிற்பது அதைவிடக் குறைவு. அதனால்தான் பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளிக்கிறார்கள். வீட்டுக்கு வரும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்காவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் இந்த உப்பைக் கொடுத்துப் பார்த்து, அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலை குறைந்ததை டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் காட்டினார்கள். அதை வைத்துத்தான் 1962இல் தேசியத் திட்டமே வந்தது.

இதை எங்கள் அப்பாவிடம் எத்தனையோ பேர் சொன்னார்கள், அவர் காதில் ஏறவில்லை. காங்க்ரா எங்கே, வேதாரண்யம் எங்கே? அவர் மனசு மாறியது ஒரு சின்ன சோதனைப் புட்டியால். ஒரு சொட்டு விட்டால் அயோடின் உப்பு ஊதாவாக மாறும், எங்கள் பாத்தி உப்பு வெள்ளையாகவே கிடக்கும். அந்தச் சொட்டில் இருப்பதும் கஞ்சிப்பசைதான், ஆசிரியையம்மா சொன்ன பெட்டாடின் சோதனையைத் திருப்பிப் போட்டது. "இருக்குன்னாங்களே, நம்ம உப்புல ஒண்ணும் காட்டலையே" என்று அவரே சொன்னார்.

அதேநேரம், சின்ன உப்பளக்காரர்களுக்கு இயந்திரம் வாங்கப் பணம் இல்லை, வியாபாரம் பெரிய கைகளுக்குப் போய்விடும் என்ற கவலை நிஜம். அந்தக் கவலையைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் சொன்னதைத்தான் அயோடின் விஷயத்திலும் எங்கள் ஆட்கள் நம்பினார்கள்.


பதில்: பாரம்பரிய நெல் சாகுபடியாளர், திருத்துறைப்பூண்டி

நான் கொஞ்சம் வேறு பக்கம் நின்று சொல்கிறேன். நான் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் போடுகிறவன். இந்தச் சத்து மணித் திட்டம் எனக்கு ஏற்பு இல்லை. நெல்லைத் தீட்டித் தீட்டித் தவிட்டை எடுத்துவிட்டு, அப்புறம் ஆலையில் சத்தைச் சேர்ப்பதைவிட, தீட்டாத அரிசி, கேழ்வரகு, பயறு, கீரை, முட்டை என்று தட்டை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. அறிவியல் தரப்பிலும் விவாதம் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இரும்பு சேர்த்த அரிசியால் ரத்தசோகை வாய்ப்பில் பெரிய மாற்றம் வராமலும் போகலாம் என்றுதான் சொன்னது.

ஆனால் அது பிளாஸ்டிக் என்பது பொய். என்னைப் போல எதிர்க்கிறவர்கள் அந்த வீடியோவை அனுப்பவே கூடாது என்று எங்கள் விவசாயிகள் குழுவில் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். பொய்யைக் கொண்டு எதிர்த்தால், பொய் உடையும் அன்றைக்கு எங்கள் நியாயமான கேள்வியையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். தம்பி, அம்மாவிடம் "இதைப் பற்றிப் படித்தவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு, ஆனால் இது மாவுதான், தின்றால் கெடுதல் இல்லை" என்று சொல்லுங்கள். எல்லாம் ஒரேயடியாக நல்லது என்று பூசி மெழுகினால் அவருக்குச் சந்தேகம் கூடும்.


பதில்: கிராம சுகாதார செவிலியர், திருவாரூர் மாவட்டம்

தம்பி, தங்கச்சி விஷயத்தை முதலில் பேசுவோம். 8.9 என்பது கர்ப்பிணிக்கு நடுத்தர ரத்தசோகை. இதை அரிசியால் சரி செய்ய முடியாது. அம்மா மணியைப் பொறுக்கினாலும் பொறுக்காவிட்டாலும் மாத்திரையை ஒருநாள்கூட விடக் கூடாது.

கணக்கு பாருங்கள். சத்து சேர்த்த அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாளைக்கு முந்நூறு கிராம் அரிசி சாப்பிட்டால் ஏறக்குறைய 8 முதல் 13 மில்லிகிராம். நாங்கள் கொடுக்கும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம். அவளுக்கு ஒன்றா இரண்டா, ஊசி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மாத்திரை போட்ட உடனே டீ, காபி வேண்டாம், இரும்பு உடம்பில் சேர்வதை அது குறைக்கும். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் நல்லது. வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிற ஊர் நம்முடையது, கொக்கிப்புழுவும் ரத்தத்தைக் குடிக்கும். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது தலசீமியா என்கிற பரம்பரை ரத்த நோய் இருந்தால் இரும்பு சேர்த்த உணவைப் பற்றியும் தனியாகக் கேட்க வேண்டும்.

வயல்காரர் அண்ணன் சொன்னது நியாயம், தட்டு மாற வேண்டும், அதை நாங்களும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 15 முதல் 49 வயதுக்குள் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தட்டு மாறும் வரைக்கும் கிடைக்கிற ஒவ்வொரு மில்லிகிராமும் எனக்கு வேண்டும்.

எடுத்துச் சொல்வதைப் பற்றி என் அனுபவம் இது. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. மாத்திரை சாப்பிட்டதும் மலம் கறுப்பாகப் போகிறது, அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்திய பிறகு போய் எவ்வளவு பேசினாலும் திரும்பச் சாப்பிட வைப்பது கஷ்டம். அதனால் அட்டையைக் கையில் கொடுக்கும்போதே, "நாளைக்கு வெளிக்குப் போறது கறுப்பா இருக்கும், அது உடம்புல சேராம மிஞ்சின இரும்பு, பயப்படாதே" என்று நானே சொல்லிவிடுகிறேன். மறுநாள் கறுப்பாகப் போனால், செவிலியர் சொன்னது நடந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடைக்கார அண்ணன் சொன்ன அந்த ஒரு வரியும் இதேதான். பயம் வருவதற்கு முன்னால் நாம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

தங்கச்சியிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள். மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறாளா என்று அம்மாவை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.


கேட்டவர்: நீடாமங்கலத்துப் பையன்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்தோம், என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

"நீங்க பார்த்தது சரிம்மா, அது நேரா நெல்லுல வந்த அரிசி இல்ல" என்றதும் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இதுவரை நான் இல்லை என்று சொல்லியே பார்த்தவர். சேவை நாழி என்றதும், "அப்ப நொய்யிலதான் பண்ணுறாங்களா" என்று அவரே கேட்டார். தம்ளர் சோதனைக்கு நம் வீட்டுச் சம்பா அரிசியிலும் ஒரு கை போட வேண்டும் என்றது அம்மாதான், எனக்கு அது தோன்றவே இல்லை. வீட்டரிசி தண்ணீரில் விறைப்பாகவே இருந்தது, சத்து மணி முதலில் குழைந்தது, பிளாஸ்டிக் மூடியில் வெட்டிய துண்டு அப்படியே இருந்தது. மூன்றையும் மாற்றி மாற்றி நசுக்கிப் பார்த்தார். "கடையிலயே இத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குச் சோற்றுக்கு மணியைப் பொறுக்கவில்லை.

தங்கை மாத்திரையைப் பாதி நாள் விட்டிருக்கிறாள். செவிலியர் அக்கா சொன்ன அதே காரணம்தான், கறுப்பாகப் போகிறது என்று பயம். இப்போது ராத்திரி அம்மாவே எடுத்துக் கொடுக்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்கக் கூட்டிப் போகிறோம்.

பெரியப்பா திண்ணைக்கும் போனேன். விலைக் கணக்கைக் கேட்டுக்கொண்டார், மறுக்கவில்லை. ஆனால் சோற்று உருண்டை துள்ளுகிற வீடியோவை எடுத்துக் காட்டி, "இதுக்கு என்ன சொல்ற?" என்று கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். டீச்சர், அதற்கு என்ன காரணம்?


பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவையாறு

கேட்டுச் சொல்கிறேன் என்றது நல்லது தம்பி. பெரியப்பா ஒரு சோதனையைக் காட்டிக் கேட்டிருக்கிறார், அதற்குச் சோதனையாலேயே பதில் சொல்வோம்.

வெந்த அரிசியில் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து உப்பி ஒட்டும் பசையாகிறது. அதை நன்றாகப் பிசைந்து இறுக்கி உருட்டினால் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடுவே காற்றும் மாட்டிக்கொள்ளும். தரையில் அடித்தால் அமுங்கி, உடையாமல் பழைய உருவத்துக்கு வரும்போது எழும்பும். குழைய வடித்த சோற்றில் இது இன்னும் நன்றாக வரும். இதற்கு ரேஷன் அரிசியே தேவையில்லை.

பெரியப்பா வீட்டில் அவர் வயல் நெல்லைக் குத்திய அரிசி இருக்கும். பெரியம்மாவைக் கொஞ்சம் குழைய வடிக்கச் சொல்லுங்கள். கை பொறுக்கும் சூட்டில் அவரையே பிசைந்து உருட்டி, சுத்தமான தரையில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ரேஷன் அரிசிச் சோற்றிலும் அதே அளவு ஒரு உருண்டை. இரண்டும் எழும்பும். நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம், அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். குழுவில் அவர் ஏதாவது எழுதினால் எழுதட்டும், எழுதாவிட்டாலும் நீங்கள் போய் எழுத வேண்டாம்.

அம்மாவிடம் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அரிசியை ஒரு தடவை, இரண்டு தடவை களைந்தால் போதும். ரொம்ப நேரம் ஊறவைத்துத் தேய்த்துத் தேய்த்துக் களைந்தால் அந்த மணி குழைந்து சத்தில் கொஞ்சம் தண்ணீரோடு போய்விடலாம். மிதப்பதையும் தண்ணீரோடு சாய்த்துவிடாமல் கையால் உள்ளே தள்ளிவிடச் சொல்லுங்கள். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுத் தங்கைக்குக் குடிக்கக் கொடுக்கலாம்.